உறைக்காரர் கொண்டுபோன உறை

பால் ஆலையில் அவரை உறைக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். மேலாளர் முதல் வாசற்காவலர் வரை அதே பேச்சு. வீட்டில் ஒரு செம்புப் பாலைத் தயிராக்க ஒரு கரண்டி உறை போதும். தினமும் இருபதாயிரம் லிட்டர் பாலைத் தோய்க்கிற ஆலைக்கு அந்த உறையைத் தனியாக வளர்த்துக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். நாற்பத்தொரு வருடம் அந்த ஆளாக அவர் இருந்தார்.

அவருடைய அறை இரண்டு கதவுகளுக்கு அப்பால் இருந்தது. முதல் கதவுக்குள் காலைக் கழுவி, செருப்பை மாற்றி, தலைக்குத் துணிக்குல்லா போட்டால்தான் இரண்டாவது கதவைத் தொடலாம். உள்ளே கண்ணாடிக் குடுவைகள், நீலச் சுவாலையோடு எரியும் சின்ன விளக்கு, வெதுவெதுப்பாகவே இருக்கும் ஓர் இரும்புப் பெட்டி. சுவரில் இரட்டைக் கதவு வைத்த ஜன்னல் ஒன்று. தன் பக்கத்துக் கதவைத் திறந்து உறை இருக்கும் கேனை வைத்துச் சாத்துவார். அதன் பிறகுதான் அந்தப் பக்கத்துக் கதவு திறக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் திறந்ததே கிடையாது. அதனால் ஜன்னலுக்கு அப்பால் தன் உறையோடு என்னென்ன சேர்க்கிறார்கள், எந்தப் புட்டியில் அடைக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு அடுத்த ஊர்ச் சமாச்சாரம்.

உறையில் இருக்கிற கிருமிகளை அவர் 'பசங்க' என்பார். "இன்னிக்கு பசங்க சுறுசுறுப்பா இருக்காங்க", "நேத்து கரண்ட் போனதுல பசங்களுக்கு ஜலதோஷம்" என்று கணக்காகச் சொல்லுவார். பசங்கள் பாலிலுள்ள சர்க்கரையைத் தின்று அமிலத்தை விடுவார்கள்; அமிலம் ஏறினால் பால் தோயும். எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க, ஒரு கோப்பையில் கொஞ்சம் உறையை எடுத்து, நிறம் காட்டும் மருந்து ஒரு துளி கலந்து, அதில் காரநீரைச் சொட்டுச் சொட்டாக விடுவார். எந்தச் சொட்டில் வெள்ளை இளஞ்சிவப்பாக மாறுகிறதோ, அதுதான் கணக்கு. அதற்கு மேல் நாக்கு. ஒரு துளி உறையை நாக்கில் வைத்தால், கருவி சொல்வதற்கு முன்னால் அவர் சொல்லிவிடுவார்.

அந்த நாக்கைக் காப்பதற்காக அவர் இனிப்பையே தொடுவதில்லை. ஒரு தரம் இனிப்பு பட்டால் அன்று முழுக்கப் புளிப்பு சரியாகப் பிடிபடாது என்பது அவர் கட்சி. யார் என்ன நீட்டினாலும், "வேண்டாங்க, நாக்கு டியூட்டியில இருக்கு" என்று சிரித்து நழுவிவிடுவார். டீ கூடச் சர்க்கரை போடாமல்தான். இந்த ஒழுக்கத்தில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அந்தக் கர்வம்தான் பின்னால் அவரைக் கவிழ்த்தது.

அவர் மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். வருகிறவர்களை எழுத்துப் பலகைக்கு முன்னால் உட்கார வைப்பது, சீட்டு எழுதுவது, கண்ணாடியை உறையில் போட்டுக் கொடுப்பது. "நீங்க கண்ணுக்குத் தெரியாததோட குடும்பம் நடத்துறீங்க. நான் கண்ணு தெரியாதவங்களோட மல்லுக்கட்டுறேன். நல்ல ஜோடி" என்பாள்.

கல்யாணமாகி ஒன்பதாவது வருடம் பெண் பிறந்தது. உருண்டை முகம், உள்ளங்கைக்குள் அடங்குகிற உடம்பு. பார்த்த மாத்திரத்தில் அவர் வைத்த செல்லப்பெயர் பொத்தான். மூன்று மாதத்தில், பால் குடிக்கும்போதே குழந்தைக்கு வேர்த்துக் கொட்டியது. இதய மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இதயத்துக்குள் இரண்டு அறைக்கு நடுவிலிருக்கும் சுவரில் ஓர் ஓட்டை இருக்கிறது, கொஞ்சம் வளரட்டும், பிறகு அறுத்துத் தைத்துவிடலாம் என்றார்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் உறைக்காரர், "பொத்தான்னா ஓட்டை இருக்கத்தானே செய்யும்" என்றார்.

மனைவி ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. எட்டாம் நாள், சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவள் ஊசியை அந்த ஓட்டைக்குள் விட்டபோது திடீரென்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். அதற்குப் பிறகு அது அவர்கள் வீட்டுப் பேச்சாகிவிட்டது.

பொத்தான் வளர்ந்தாள். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். ஐந்தாவது படியில் உட்கார்ந்துகொண்டு, "லிஃப்ட் ரிப்பேர், அப்பா தூக்கு" என்பாள். எதையும் மெதுவாகத்தான் சாப்பிடுவாள். அவளுக்குப் பிடித்த ஒரே சங்கதி ஆலையிலிருந்து வரும் சின்னப் புட்டி. உறையிலிருந்து செய்கிற புளித்த பால் பானம், மூடியில் சிரிக்கிற முகம் வரைந்தது. வேலை செய்கிறவர்களுக்கு நாளுக்கு ஒன்று உண்டு. ராத்திரி பல் தேய்த்துப் படுக்கையில் சாய்ந்த பிறகு, உறிஞ்சுகுழலை வாயில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அதை இழுத்துக்கொண்டிருப்பாள். பாதியில் தூங்கியும் போவாள்.

"ஏங்க, பல்லு தேய்ச்சப்புறம் எதுக்குங்க இது?" என்று மனைவி கேட்டிருக்கிறாள்.

"அட, பல்லுக்குத்தான் நல்லது. நம்ம கம்பெனி தாள்லயே போட்டிருக்கான். வாயில நல்ல கிருமி இடம் புடிச்சிக்கிட்டா, பல்லைக் கெடுக்கிற கிருமி நிக்க இடமில்லாம ஓடிப்போயிடுமாம். இது என் பசங்க. நான் வளர்த்தது. என் பொண்ணு பல்லைக் கடிப்பாங்களா?"

மாதத்துக்கு ஒரு முறை ஆலை அச்சிட்டுத் தரும் நான்கு பக்கத் தாளில் அப்படி ஓர் ஆராய்ச்சிச் செய்தி வந்திருந்தது உண்மைதான். அவர் அதைக் கத்தரித்துக் கண்ணாடி அலமாரியில் ஒட்டியும் வைத்திருந்தார்.

பொத்தானுக்கு ஆறு வயது முடிந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. இரண்டு வருடம் வரிசையில் காத்திருந்த ஆபரேஷனுக்கு இருபத்து மூன்றாம் நாள் தேதி. ரத்தப் பரிசோதனை, மார்புப் படம் என்று நீண்ட பட்டியலில் கடைசி வரி: வாயில் சொத்தையோ சீழோ இல்லை என்று பல் மருத்துவரின் கடிதம் வேண்டும். பல்லிலிருந்து கிருமி ரத்தத்தில் இறங்கினால், தைத்த இடத்தில் போய்த் தங்கிவிடும் என்று, விசாரிக்கப் போனபோது ஆஸ்பத்திரி நர்ஸ் விளக்கினாள். கடிதம் இல்லாவிட்டால் தேதி அடுத்தவருக்குப் போகும். அப்புறம் மறுபடியும் வரிசையின் வாலிலிருந்து.

"பல்லா? அது ஒண்ணும் பிரச்சினையில்ல" என்றார் உறைக்காரர். பட்டியலில் அவர் கவலைப்படாத ஒரே வரி அதுதான்.

பல் டாக்டர் நடுவயதுப் பெண்மணி. பேச்சு வேகம், கை அதைவிட வேகம். பொத்தானை நாற்காலியில் உட்கார வைத்து, "வாயைத் திற, சிங்கம் மாதிரி" என்றார்.

"சிங்கத்துக்கு இவ்ளோ பல்லு இருக்குமா?" என்று கேட்டுவிட்டுத்தான் பொத்தான் வாயைத் திறந்தாள்.

டாக்டர் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். மேல்வரிசை முன்பற்களில், ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு தடவியதுபோல் வெள்ளைத் திட்டு. கீழே இடது கடைவாய்ப்பல்லில் ஒரு கறுத்த குழி. அந்தக் குழியை இரண்டு தரம் பார்த்தார்.

"ராத்திரி என்ன குடிக்கிறா?"

"புளிச்ச பால், டாக்டர். நம்ம ஆலையில செய்யறது. உறை நான்தான் வளர்க்கிறேன்" என்றார், அந்த நிலையிலும் சின்னப் பெருமையோடு.

"இனிப்பா?"

"இல்ல டாக்டர், புளிப்பு."

"இனிப்பு!" என்றாள் பொத்தான், வாயில் கண்ணாடியோடு.

மனைவி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "என்னங்க சொல்றீங்க? திகட்டத் திகட்ட இனிக்கும். நீங்க குடிச்சதே இல்லையா?"

அவர் குடித்ததே இல்லை. இரண்டு வருடம், தினம் ஒரு புட்டி, தன் கையாலேயே கொண்டு வந்திருக்கிறார். ஒரு நாள்கூட நாக்கில் வைத்துப் பார்த்ததில்லை. ஜன்னலுக்கு இந்தப் பக்கத்தில் அவர் வைத்தது புளிப்பு. அந்தப் பக்கத்தில் அது இனிப்பாகிற விஷயம் அவருக்கு வந்து சேரவே இல்லை. நாக்கு டியூட்டியில் இருந்தது.

டாக்டர் திட்டவில்லை. "சர்க்கரை ராத்திரி முழுக்கப் பல்லுல தங்கினா, வாயில இருக்கிற கிருமி அதைத் தின்னு அமிலம் விடும். அமிலம் பல்லை அரிக்கும். அவ்வளவுதான் கதை" என்றார்.

தின்னும்; அமிலம் விடும். இருபத்தாறு வருடமாகச் சொட்டு எண்ணிக் கணக்கெழுதிய மனுஷனுக்கு அந்தப் பாடத்தை யாரும் இரண்டாவது தரம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இந்தச் சமயத்தில் பொத்தானுக்கு அவசரம் வந்துவிட, மனைவி அவளைத் தூக்கிக்கொண்டு கழிவறைக்குப் போனாள். டாக்டர் அடுத்த நோயாளியின் சீட்டைப் புரட்டிக்கொண்டே பேசினார். "குழி நரம்பு வரைக்கும் போயிருந்தா பல்லைப் பிடுங்கணும். ஈறு ஆறணும். அப்ப உங்க தேதி சந்தேகம்தான். போகலைன்னா, சுத்தம் பண்ணிட்டு உறை போட்டுடலாம். உறை ஒழுங்கா உட்கார்ந்துட்டா லெட்டர் கொடுத்துடுவேன். புதன்கிழமை காலையில செஞ்சிடலாம். அதுக்கு முன்னாடி இதய டாக்டர்கிட்ட நான் போன்ல பேசிக்கறேன்."

உறைக்காரரின் காதில் மற்றதெல்லாம் மங்கி ஒரு சொல் மட்டும் தெளிவாக விழுந்தது. உறை. அலமாரியில் ஒட்டிய தாள் ஞாபகம் வந்தது. கெட்ட கிருமி இருந்த இடத்தில் நல்ல கிருமியை உட்கார வைப்பது. ஆக, அதற்கு வைத்தியம் இருக்கிறது. அந்த வைத்தியம் தன் கையிலேயே இருக்கிறது!

"நானே கொண்டு வரட்டுமா டாக்டர்?" என்று கேட்டார்.

குழந்தையைச் சொல்கிறார் என்று டாக்டர் நினைத்தார். "நீங்களே கொண்டு வாங்க. அதுதான் நல்லது, பயப்படாம இருக்கும்."

"எந்த அளவு?"

"சின்னதுதான். பால்பல்லுதானே."

அவர் தலையாட்டிவிட்டு வந்தார்.

மறுநாள் வேலை முடிந்ததும் உறைக்காரர் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு ஜன்னலுக்கு அந்தப் பக்கம் போனார். அங்கே கலவைத் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்பவரைப் பாகுக்காரர் என்பார்கள். இருவரும் இருபது வருடமாக ஜன்னல் வழியாக ஒருவரையொருவர் தட்டிக் கூப்பிடுகிறவர்கள். முகம் பார்த்துப் பேசியது குறைவு.

"அட, மாமியார் வீட்டுக்கு மாப்பிள்ளை வந்த மாதிரி! வாங்க வாங்க" என்றார் பாகுக்காரர். "என்ன விசேஷம்?"

"இந்தச் சின்னப் புட்டியில சர்க்கரை எவ்வளவு போடுறீங்க?"

பாகுக்காரர் சுவரோரம் அடுக்கியிருந்த மூட்டைகளைக் கண்ணால் காட்டினார். "ஒரு தொட்டிக்கு அது பாதி. இல்லைன்னா உங்க புளிப்பை யாருங்க குடிப்பா? பூனைகூட மூஞ்சியைத் திருப்பிக்கும்."

உறைக்காரர் புட்டி ஒன்றை எடுத்து, மூடியைக் கிழித்து, குடித்தார். இருபத்தாறு வருடத்தில் முதல் இனிப்பு. தொண்டை வரை ஒட்டிக்கொண்டு இறங்கியது. பாகுக்காரர் பயந்துவிட்டார். "என்னங்க, கண்ணு கலங்குது? கெட்டுப்போச்சா சரக்கு?"

"இல்ல, நல்லா இருக்கு" என்றார் அவர். "ரொம்ப நல்லா இருக்கு. அதான்."

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமலே மனைவியிடம் சொன்னார். "நான்தான் பண்ணினேன். கேட்டியே, அன்னிக்கே கேட்டியே, எதுக்குன்னு. தாளை ஒட்டி வச்சு வாயை அடைச்சேன்."

அவள் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். பொத்தானின் சட்டை ஒன்றை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். "நீங்க கொண்டு வந்தீங்க. உறிஞ்சுகுழலைக் குத்திக் கொடுத்தது யாரு? நான்தானே. இனிக்குதுன்னு எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியலை." சட்டையை அடுக்கில் வைத்துவிட்டு, "இப்ப அழுதா பல்லு வளருமா? கையைக் கழுவிட்டு வாங்க" என்றாள்.

அன்று முதல் புட்டி நின்றது. பொத்தான் மூன்று ராத்திரி சத்தியாக்கிரகம் செய்தாள். "பசங்களுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள். "பசங்க லீவுல போயிருக்காங்க" என்றார் அப்பா. தண்ணீரைக் குடித்துவிட்டு, "தண்ணிக்கு டேஸ்டே இல்ல, பாவம்" என்று தண்ணீருக்காக இரக்கப்பட்டபடி தூங்கினாள்.

அந்த ஆறு நாளும் உறைக்காரர் தன் அறையில் ஒரு தனிக் குடுவையைக் கவனித்துக்கொண்டிருந்தார். ஆலையிலேயே சுத்தமான உறை, சர்க்கரை வாடை படாதது. வெந்நீரில் குளிப்பாட்டி எடுத்த பாலில் வளர்த்தது. காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் சொட்டு எண்ணினார். பிள்ளைகளைப் பரீட்சைக்கு அனுப்புவதுபோல், "டேய், இந்த ஒரு வேலையை மட்டும் ஒழுங்கா செஞ்சிடுங்கடா" என்று குடுவையிடம் சொன்னதாகப் பிற்பாடு அவரே ஒத்துக்கொண்டார். மேலாளரிடம் நேராகப் போய், பெண்ணின் பல்லுக்கு மருந்தாக டாக்டர் கேட்டிருக்கிறார் என்று சொல்லி அனுமதியும் வாங்கினார். மேலாளருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் உறைக்காரர் எதையும் கேட்டறியாத மனுஷன், ஆகவே தலையாட்டிவிட்டார்.

புதன்கிழமை காலை அவர் வெந்நீர்க் குடுவை ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்து மனைவி, "காப்பியா?" என்றாள்.

"டாக்டர் கேட்ட உறை."

கண்ணாடிக் கடைக்காரிக்கு உறை என்றால் கண்ணாடி வைக்கிற பெட்டி. பல் கழற்றி வைக்க ஏதோ உறை கேட்டிருக்கிறார்களாக்கும், அதை இவர் சூடாகக் கொண்டுபோகிறார் போல என்று நினைத்துக்கொண்டாள். அன்றைக்கு அவள் இருந்த மனநிலையில் அதுவும் அவளுக்கு நியாயமாகவே பட்டது.

ரத்தத்தில் கிருமி பரவாமலிருக்க இதய மருத்துவர் சொன்ன மருந்தை முன்கூட்டியே கொடுத்து, பொத்தானைத் தூக்கிக்கொண்டு போனார்கள். டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார். உறைக்காரர் குடுவையை மேஜையில் வைத்து மூடியைத் திறந்தார்.

"நாப்பது டிகிரியில இருக்கு டாக்டர். அரை மணிக்குள்ள போட்டுடுங்க. அதுக்கு மேல ஆனா வீரியம் குறைஞ்சிடும்."

டாக்டர் குடுவைக்குள் பார்த்தார். உதவியாளப் பெண்ணும் எட்டிப் பார்த்தாள்.

"என்ன இது?"

"உறை."

"அப்பா டாக்டருக்குத் தயிர் கொண்டு வந்திருக்கார்" என்று பொத்தான் விளக்கம் சொன்னாள்.

டாக்டர் இழுப்பறையைத் திறந்து, வெள்ளி நிறத்தில் சோளமுத்து அளவு ஒரு சின்ன உலோகத் தொப்பியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "சார், பல்லுக்குப் போடற உறை இது."

முதலில் உதவியாளப் பெண் அடக்க முடியாமல் சிரித்தாள். அப்புறம் மனைவி, சுவரைப் பிடித்துக்கொண்டு. முகமூடிக்குள் டாக்டரே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். என்னவென்று புரியாமலே பொத்தானும் கைதட்டினாள். உறைக்காரர் மட்டும் தொப்பியையும் குடுவையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, "இது ரெண்டுக்கும் ஒரே பேரு வச்சவன் எவன்?" என்றார்.

சிரிப்பு அடங்கியதும் அவர் மெல்லக் கேட்டார்: "அப்ப அந்தத் தாள்ல போட்டது பொய்யா டாக்டர்?"

"முழுப் பொய்யில்ல. சில வகை நல்ல கிருமி, கெட்டதைக் கொஞ்சம் அடக்குதுன்னு சில ஆராய்ச்சியில தெரியுது. எந்தக் கிருமி, எவ்வளவு, எத்தனை நாளைக்குத் தாங்கும்னு இன்னும் உறுதியாச் சொல்ல முடியல. அது வந்து சேர்ற வரைக்கும் பிரஷ், புளோரைடு பேஸ்ட், சர்க்கரையைக் குறைக்கிறது, இதுதான் நம்மகிட்ட இருக்கிற வைத்தியம். இன்னொண்ணு. இதயத்துல ஓட்டை இருக்கிற குழந்தைக்கு உயிரோட இருக்கிற கிருமியை மருந்து மாதிரி கொடுக்கறதுன்னா, அவங்க இதய டாக்டரைக் கேக்காம நான் தொடவே மாட்டேன். உங்க பசங்க நல்ல பசங்களாவே இருக்கட்டும்."

"நல்ல பசங்கதான்" என்றார் அவர் தாழ்ந்த குரலில். "சேர்க்கை சரியில்ல."

பிறகு வேலை தொடங்கியது. ஈறு மரத்துப்போக ஊசி. பொத்தான் அம்மாவின் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டாள். மெல்லிய ரீங்காரத்தோடு கருவி குழிக்குள் இறங்கியது. உறைக்காரர் சுவரோரம் நின்று டாக்டரின் முகமூடிக்கு மேலே தெரிந்த இரண்டு கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நரம்பு வரை போயிருந்தால் அந்தக் கண்கள் மாறும். அடுத்து பிடுங்குவது, ஆறுவது, தேதி போவது, ஐந்தாவது படியில் உட்கார்ந்து அப்பா தூக்கு என்பது, இன்னும் இரண்டு வருடம், அதற்குள் என்னவெல்லாம். அவர் சொட்டு எண்ணுவதுபோல் எண்ண ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு. வெள்ளை எந்தச் சொட்டில் சிவக்கும்? எண்பத்தொன்று, எண்பத்திரண்டு. கருவி நின்றது. டாக்டர் கண்ணாடியைச் சாய்த்து உள்ளே பார்த்தார். காற்றை ஊதினார். மறுபடியும் பார்த்தார்.

"போகலை" என்றார்.

"எங்க போகலை?" என்றாள் மனைவி.

"நரம்புக்குப் போகலை. மேலாப்புலதான். நல்லவேளை, இன்னும் மூணு மாசம் அந்தப் புட்டி ஓடியிருந்தா போயிருக்கும்."

உறைக்காரர் சுவரில் சாய்ந்தார். அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். உதவியாளப் பெண் பதறி ஓடிவர, "ஒண்ணுமில்லம்மா, லிஃப்ட் ரிப்பேர்" என்றார்.

சுத்தம் செய்த பல்லின்மேல் அந்தச் சின்ன வெள்ளித் தொப்பியை வைத்து, பொத்தானைக் கடிக்கச் சொன்னார் டாக்டர். கறுக்கென்று உட்கார்ந்தது. முன்பற்களின் வெள்ளைத் திட்டில் ஏதோ மருந்து தடவினார். அவை இன்னும் குழியாகவில்லை, இப்படியே காப்பாற்றினால் கெட்டியாகிவிடும் என்றார். பிறகு மேஜையில் உட்கார்ந்து கடிதம் எழுதினார். பேனா எழுதவில்லை. உதறினார், எழுதவில்லை. மூன்று பேரும் மூன்று பேனாவை நீட்டினார்கள். மனைவி நீட்டியதில் எழுதியது. சொத்தை சரிசெய்யப்பட்டது, சீழ் இல்லை, அறுவைக்குத் தடையில்லை. கீழே கையெழுத்து, முத்திரை.

கடிதத்தை வாங்கியவர் மடிக்க மனமில்லாமல் அப்படியே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றார். போகும்போது குடுவையை எடுக்கப் போனார்.

"அதை வச்சிட்டுப் போங்க" என்றார் டாக்டர். "வீட்டுல உறைக்கு இல்ல. சர்க்கரை கிடையாதே?"

"சத்தியமா கிடையாது."

மறுநாள் டாக்டர் போன் செய்து, அப்படி ஒரு தயிரை ஜென்மத்தில் சாப்பிட்டதில்லை என்று சொன்னாராம். அதை ஆலையில் அவர் சொல்லாத ஆள் இல்லை.

ஆபரேஷன் குறித்த தேதியில் நடந்தது. ஆறு மணி நேரம். வெளியே வந்த இதய மருத்துவர், "தைச்சாச்சு" என்று ஒரே வார்த்தை சொன்னார். மனைவி கணவரைப் பார்த்தாள். "இப்ப சொல்லுங்களேன், ஏதாவது" என்றாள். மூன்றாவது மாதம் பொத்தான் மாடிப்படி முழுவதையும் ஓடி ஏறிவிட்டு, மேலே நின்று, "லிஃப்ட் சரியாயிடுச்சு!" என்று கத்தினாள். கீழே நின்றவர் அப்போதுதான் சொன்னார்: "ஓட்டையில்லாத பொத்தானை இப்பதான்டி பாக்கறேன். இனி உன்னை எதுல தைக்கறது?"

அதன்பிறகும் பதினைந்து வருடம் உறை வளர்த்தார். ஜன்னலில் ஒரு சின்ன மாற்றம் மட்டும் வந்தது. கேனை வைத்துச் சாத்துவதற்கு முன் இரண்டு தட்டு தட்டி, "எவ்வளவு இன்னிக்கு?" என்று கேட்பார். அந்தப் பக்கத்திலிருந்து பாகுக்காரர், "அதேதான், போங்க!" என்று சத்தம் போடுவார். புதிதாக வேலைக்குச் சேருகிற யாராவது வீட்டுக்குப் புட்டி எடுத்துப் போவதைப் பார்த்தால், "ராத்திரி வேண்டாம். சாப்பாட்டோட குடுங்க, அப்புறம் வாயைக் கொப்புளிக்கச் சொல்லுங்க" என்று வழிமறித்துச் சொல்லாமல் விடமாட்டார். சிலர் கேட்டார்கள். சிலர் கிழவன் தொணதொணக்கிறான் என்றார்கள். இனிப்பை அவர் மறுபடியும் தொடவில்லை. ஆனால் வீட்டுக்குள் எது வந்தாலும் மனைவியிடம் நீட்டி, "நீ பாத்துச் சொல்லு" என்பார்.

ஓய்வு பெற்ற பிறகு எட்டு வருடம். போன மாதம் ஒரு மத்தியானத் தூக்கத்தில், யாரையும் தொந்தரவு செய்யாமல், அவர் போய்ச் சேர்ந்தார். மருத்துவர் வந்து பார்த்தபோது, எழுபது வயதுக்குப் பல்வரிசை அப்படியே இருப்பதைக் கண்டு வியந்தார்.

அவருடைய சாமான்கள் ஒரு தகரப் பெட்டிக்குள் அடங்கிவிட்டன. அதில் பழைய மூக்குக்கண்ணாடி உறை ஒன்று, மனைவியின் கடையில் கொடுத்தது. மகள் அதை எடுத்துக் குலுக்கினாள். உள்ளே ஏதோ கலகலத்தது. திறந்தாள். கண்ணாடி இல்லை. ஒரு பால்பல், அதன் தலையில் வெள்ளித் தொப்பி. பதினோராவது வயதில் தானாக ஆடி விழுந்த பல். எங்கே போட்டோம் என்று அவள் மறந்தே போயிருந்தாள்.

"அம்மா, இங்க பாரும்மா. இன்னும் மினுங்குது."

அம்மா அதைக் கையில் வாங்கிக் கண்ணுக்கு வெகு அருகில் வைத்துப் பார்த்தாள். அந்த வீட்டில் பல நாளைக்குப் பிறகு அவள் சிரித்தாள்.

"டாக்டர் போட்ட உறையாச்சே, அதான். உங்கப்பா போட்டிருந்தா இந்நேரம் புளிச்சிருக்கும்."